விற்றவர் மீது மோசடி வழக்கு, நாங்கள் வாங்கிய வீட்டை அமலாக்கத்துறை முடக்கிவிட்டது. வீடு போய்விடுமா?

முதலில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது முடக்க ஆணை, பறிமுதல் ஆணை இல்லை. வீடு இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. விற்கவோ, அடமானம் வைக்கவோ, பெயர் மாற்றவோ முடியாது. குடியிருக்கலாம், வாடகைக்கு விட்டிருந்தால் வாடகையும் வாங்கலாம். தற்காலிக முடக்கம் அனுபவிப்பதைத் தடுக்காது என்று அமலாக்கத்துறை பயன்படுத்தும் பணமோசடித் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

"கோர்ட்டில் கேஸ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் கேட்காதீர்கள். எங்களுக்கும் முதலில் போன வக்கீல் அதையேதான் சொன்னார். பதில் கொடுக்கும் கெடு முடிய 9 நாள் இருக்கும்போதுதான் வேறொருவரிடம் ஓடினோம்.

நடைமுறை இதுதான். அமலாக்கத்துறை போடும் தற்காலிக முடக்கம் 180 நாள்தான் செல்லும். முடக்கிய 30 நாளுக்குள் அவர்கள் டெல்லியில் உள்ள அட்ஜுடிகேட்டிங் அத்தாரிட்டியிடம் (முடக்கம் சரியா என்று விசாரித்து முடிவு சொல்லும் ஆணையம்) புகார் கொடுக்க வேண்டும். அங்கிருந்துதான் உங்களுக்கு நோட்டீஸ் வரும், பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் தருவார்கள். அந்த நோட்டீஸ் முக்கியமாகக் கேட்பது ஒரு கேள்வி: இந்தச் சொத்தை எந்த வருமானத்தில் வாங்கினாய்? விற்றவர் செய்த மோசடிக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சொல்லியே ஆக வேண்டும். 180 நாளுக்குள் அந்த ஆணையம் முடக்கத்தை உறுதி செய்யாவிட்டால் அது தானாகவே காலாவதி ஆகிவிடும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். 2018-ல் மதுரைக்கு வெளியே ஒரு வீட்டை 41 லட்சத்துக்குக் கிரயம் வாங்கினார். விற்றவர் ஃபைனான்ஸ் நடத்தியவர். அவர் தொழில் பின்னால் கவிழ்ந்தது. 2022 ஜூனில் எங்கள் கேட்டில் ஆணையை ஒட்டிவிட்டுப் போனார்கள். பிறகு வந்த புகார்க் கட்டு தலையணை கனம். அத்தனை பக்கத்தில் எங்கள் வீடு ஒரே ஒரு வரி: சர்வே நம்பர், சதுர அடி, மதிப்பு. எங்கள் பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

பதிலுக்காகக் காகிதம் தேடினோம். வருங்கால வைப்புநிதி வரவான பாஸ்புக் பக்கம், வீட்டுக்கடன் ஒப்புதல் கடிதம், வங்கி வழியாகப் பணம் போன விவரம் எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. அம்மா நகையை விற்று 4 லட்சம் புரட்டியிருந்தார்கள், இடித்தது அங்கேதான். அந்த பில்லை எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் தாள். கடைக்கு மூன்று முறை அலைந்து அவர்கள் கணக்கிலிருந்து நகல் வாங்கினோம். அந்த மாதிரி பில் உங்களிடம் இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

இவ்வளவு கொடுத்தும் முதல் படியில் தோற்றோம். சட்டத்தில் "குற்றத்தில் ஈட்டியது" என்பதற்குள் அதற்கு ஈடான மதிப்புள்ள சொத்தும் அடங்கும். விற்றவர் இந்த வீட்டை 2011-லேயே வாங்கிவிட்டார், மோசடி நடந்ததாகச் சொல்வதோ 2015-க்குப் பிறகு. ஆனாலும் ஈட்டு மதிப்பு என்று சொல்லி முடக்கத்தை உறுதி செய்தார்கள். இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் உண்டு. வீட்டுக்கான விலை முழுவதும் விற்றவர் கைக்குப் போய்விட்டது. ஈடு வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் அல்லவா தேட வேண்டும்?

அப்புறம் 10 நாளில் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் வந்தது. அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. 2022 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றம் விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் சொன்னது கை கொடுத்தது: இறுதிப் பறிமுதலுக்கு முன்னால் சொத்தைக் கைவசம் எடுப்பது விதிவிலக்காக இருக்க வேண்டும், வழக்கமாகக் கூடாது. ஆணை கிடைத்த 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தடை வாங்கினோம். 2023 நவம்பரில் பாவனா திப்பூர் வழக்கில், குற்றம் நடப்பதற்கு முன்பே வாங்கிய சொத்துக்கும் குற்றப் பணத்துக்கும் தொடர்பில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் வக்கீல் அதையும் வைத்து வாதாடினார். 2025-ல் வீட்டை விடுவித்தார்கள். தீர்ப்பாயத்தில் கிடைக்காவிட்டால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

பறிமுதல் என்பது இதற்கெல்லாம் பிறகு, சிறப்பு நீதிமன்றத்தில் பணமோசடிக் குற்றம் நிரூபணமான பிறகு நீதிபதி போடுவது. அப்போதுதான் சொத்து மத்திய அரசுக்குப் போகும். இடையில் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு வேறு சட்டத்தில் நடந்தது. 1996 டிசம்பரில் எடுத்த நகைகளைப் பறிமுதல் செய்யச் சொன்ன தீர்ப்பு 2014 செப்டம்பரில் வந்தது, நகைகள் தமிழக அரசின் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில். அவ்வளவு காலம் வீட்டை விற்க முடியாமல் உட்கார்ந்திருக்க உங்களால் ஆகுமா? அதனால்தான் முதல் நோட்டீஸிலேயே பதிலை முழுதாகக் கொடுங்கள் என்கிறேன்.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அமலாக்கத்துறை வழியாக வந்ததா, போலீஸ் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து வந்ததா? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவில் வந்திருந்தால் பதில் சொல்ல 14 நாள்தான். அதில் கோர்ட்டே முடிவெடுத்து, சொத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டான கலெக்டரிடம் விட்டுவிடலாம். அவருக்குக் கெடு 60 நாள். அங்கே தாமதித்தால் பிடிக்க நேரமே இருக்காது.

விடுவிப்பு ஆணை வந்தாலும் வேலை முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முடக்கக் குறிப்பு அப்படியே இருக்கும். ஆணையின் சான்றிட்ட நகலோடு மனு கொடுத்து அதை நீக்கச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதற்கே இரண்டு மாதம் ஆனது. புது வில்லங்கச் சான்றை வாங்கி வந்த அன்று அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இரண்டு தடவை படித்தார்.