ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனி கை கால் வருமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. ஐந்து மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. 18 வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். மூன்று வருடத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் வேறு. இப்போது ஒருவர் பிடித்துக்கொண்டால் பத்தடி நடக்கிறார். கை அப்படியே இருக்கிறது. தோளில் வலி, ராத்திரி தூங்குவதில்லை. வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் அரை மணி நேரம் கரண்ட் வைத்துவிட்டுப் போகிறார். ‘மூன்று மாதத்தில் வராதது இனி வராது’ என்றார் ஒரு டாக்டர். ‘60 சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டுங்கள், நடக்க வைத்துவிடுகிறோம்’ என்கிறார் ஒரு ஏஜென்சிக்காரர். தொடர்வதா, நிறுத்துவதா? (வாசகி ஒருவர், மன்னார்குடி பக்கம்)

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது நடப்பதை இப்படியே தொடரவும் வேண்டாம்.

அந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே வேகமாகத் தேறும். மூளையில் வந்த வீக்கம் வடியும், சாகாமல் செயலிழந்து மட்டும் கிடந்த பகுதிகள் மறுபடி வேலை செய்யும். ஆறு மாதத்தை ஒட்டி அந்த வேகம் நன்றாகக் குறைந்துவிடும். இவ்வளவுதான் உண்மை. வேகம் குறைவதை ‘இனி வராது’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புவதால் எத்தனை பேர் கட்டிலோடு கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் கழித்துத் தானாகச் சட்டை போடப் பழகியவர்களை, இரண்டு வருடம் கழித்து வாசல்படி இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஐந்து மாதத்துக்குப் பிறகும் விரலில் அசைவே இல்லை என்றால், அந்தக் கை சட்டைப் பொத்தான் போடும் அளவுக்குத் திரும்புவது கடினம். ஆனால் எழுவது, நடப்பது, கழிப்பறைக்குத் தானாகப் போய் வருவது ஆகியவற்றில் உங்கள் அப்பாவால் இன்னும் தேற முடியும். பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பவர் தேற வேண்டிய மனிதர்தான்.

சரி, தோள் வலியைப் பார்ப்போம். அது குறையாமல் வேறு எந்தப் பயிற்சியும் ஓடாது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைகள்தான் அதை இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. அவை தளர்ந்ததும் கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடுகிறது. அறுபது கிலோ மனிதருக்கு ஒரு கை மட்டும் கிட்டத்தட்ட மூன்று கிலோ இருக்கும். அவரை உட்கார வைத்து, கையைத் தொங்கவிட்டு, தோள் நுனி எலும்புக்குக் கீழே தடவிப் பாருங்கள். ஒரு விரல் புகுமளவு பள்ளம் தெரிந்தால் மூட்டு இறங்கியிருக்கிறது. போதாததற்கு, நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் தானாகவே இறுகிப்போவதும் உண்டு.

இப்படிப்பட்ட தோளை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்கிறோம்? படுக்கையிலிருந்து எழுப்ப அந்தக் கையைப் பிடித்தே இழுக்கிறோம். ஜன்னல் கம்பியில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து விழுந்த கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்கிறோம். உங்கள் கடிதத்தில் கப்பி பற்றி இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் போகும் வீடுகளில் பாதியில் அது தொங்குகிறது. பக்கவாதத் தோளுக்குக் கப்பி ஆகாது. தோள்பட்டைச் சில்லு, அதாவது முதுகுப் பக்கம் இருக்கும் தட்டையான எலும்பு, கூடவே சுழலாமல் கை மட்டும் மேலே போனால் உள்ளே தசைநார் நசுங்கும். உங்கள் வீட்டில் கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். சிரித்த முகம் போட்ட அந்த மஞ்சள் பந்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். விரல்கள் ஏற்கெனவே உள்பக்கம் மடங்கி இறுகும் கைக்கு, பந்தைப் பிடித்து அழுத்துவது அந்த இறுக்கத்தையே வளர்க்கும். அவருக்கு விரலைத் திறப்பதுதான் வராது, மூடுவது தானாக வந்துகொண்டிருக்கிறது.

இனி அவர் உட்காரும்போதெல்லாம் இடது முழங்கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும். கழுத்தில் மாட்டும் கைத்தூளியை நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் போடுங்கள், நாள் முழுக்க வேண்டாம். புரட்டும்போது தோள்பட்டைக்குப் பின்னால் கைகொடுத்துப் புரட்டுங்கள். வலியோடு புறங்கை வீங்கி, பளபளத்து, சூடாக இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பயிற்சி என்று வரும்போது, உங்கள் அப்பாவுக்கு இப்போது முக்கியமானது ஒன்றுதான். நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. மூட்டுத் தேய்மானம் இருப்பதால் தாழ்வான நாற்காலி வேண்டாம். பலகையோ கெட்டியான மெத்தையோ போட்டு உயர்த்தி, பாதம் மட்டும் முழுசாகத் தரையில் பதிய வையுங்கள். இடது பாதம் வலதைவிடக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் எடை அந்தக் காலுக்குப் போகும், இல்லாவிட்டால் நல்ல காலே எல்லா வேலையையும் செய்துவிடும். உடம்பை நன்றாக முன்னால் சாய்த்து, மூக்கு முழங்காலைத் தாண்டி வந்த பிறகு எழச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. மூட்டு வலி கூடினால் உயரத்தைக் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

சர்க்கரை, இதயம், பக்கவாதம் மூன்றும் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சி தரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் பலருக்கு நாடித்துடிப்பைக் குறைத்து வைக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதனால் சிரமப்படும்போதும் நாடி அவ்வளவாக ஏறாது. நாடியைப் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று முடிவு செய்யாதீர்கள். பயிற்சியின் நடுவே பேச்சுக் கொடுங்கள். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் தொடரலாம். அதே மாத்திரை, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் மறைத்துவிடும். திடீர் வியர்வைதான் முக்கியமாக உங்களுக்குத் தெரியும். பயிற்சிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்குங்கள். இதை எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நான் பார்த்ததில்லை. அதில் கடைசி வரியாக ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று இருக்கும். என்ன, எவ்வளவு, யார், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு வார்த்தை இருக்காது. இதய டாக்டர், சர்க்கரை டாக்டர், நரம்பு டாக்டர் மூவரும் தனித்தனியாக எழுதுகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் செய்யாத வேலையை ஒரு மகள் செய்ய வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். இது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

கரண்ட் மட்டும் வைத்துவிட்டுப் போவது பக்கவாதத்துக்குச் சிகிச்சை ஆகாது. அவராக முயன்று, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவில்தான் மூளை பழகும். அரை மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் மெஷின் ஓடி, தெரபிஸ்ட் செல்போனில் இருந்தால் அந்தப் பணம் வீண். சூட்டு ஒத்தடம், மெழுகு, வெந்நீர்ப் பை எதுவும் இடது பக்கம் கூடவே கூடாது. அங்கே சூடு உறைக்காமல் போகலாம். மெழுகு வைத்து வெந்துபோன கையோடு ஒரு அம்மா என்னிடம் வந்தார். சர்க்கரை இருந்ததால் புண் ஆற மூன்று மாதம் ஆனது, மூன்று மாதமும் பயிற்சி இல்லை.

இப்போது அந்த 60 சிட்டிங். கட்டாதீர்கள். உங்கள் அப்பாவைப் பரிசோதிக்காமல் 60 என்ற எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். ‘நடக்க வைத்துவிடுகிறோம்’ என்று உத்தரவாதம் கொடுக்கும் எவரும் நோயாளியைப் பார்த்துப் பேசவில்லை. இந்த ஏஜென்சிகள் பல எப்படி ஓடுகின்றன என்று சொல்கிறேன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் நாளில் யாரோ உங்கள் நம்பரை அவர்களுக்குக் கொடுக்கிறார்கள். முதல் வாரம் படித்த தெரபிஸ்ட் வருவார். பணம் கட்டிய பிறகு, நோயாளிகளைக் கவனிக்கும் அட்டெண்டர் பையன் ஒருவன் சட்டையை மாற்றிக்கொண்டு வருவான். நீங்கள் கொடுப்பதில் பாதிக்கு மேல் நடுவில் நிற்பவருக்குப் போகும். பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பாது. மூளை வாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் இதே ஆட்கள் ஒரு வருடப் பணத்தையே வாங்கிவிடுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வருபவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: ‘பி.பி.டி. எந்தக் கல்லூரியில் முடித்தீர்கள்? சான்றிதழைக் காட்ட முடியுமா?’ பி.பி.டி. என்பது பிசியோதெரபிப் பட்டம், நான்கு வருடத்துக்கு மேல் படிக்க வேண்டும். ஒழுங்காகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தத் துறையை ஒழுங்குபடுத்த 2021-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. வீட்டு வாசலில் நிற்பவர் படித்தவரா என்று ஒரு நிமிடத்தில் சரிபார்க்கும் வழி மட்டும் இன்னும் சாதாரண மனிதரின் கைக்கு வந்து சேரவில்லை. அதுவரை சான்றிதழைக் கேட்பதுதான் வழி. அடுத்ததாக, ‘ஆறு வாரத்தில் எதை எதிர்பார்க்கலாம்?’ என்று கேளுங்கள். ‘பிடிக்காமல் எழுவார்’ என்பது போல உங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய பதில் வர வேண்டும்.

சிட்டிங் முடிந்த பிறகு ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் கை வந்துவிடும்’ என்று யாராவது வருவார்கள், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத் தவிர ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகத் தரக் கூடாது. ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். புறா ரத்தம் தடவச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.

தினமும் விடாமல் பயிற்சி என்று சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது. அசைவு குறைந்த காலில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, இறுக்கமாக இருந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, நடை கிடையாது, முக்கியமாக எண்ணெய் தேய்த்து நீவவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். உணர்ச்சி குறைந்த கால் என்பதால் அவருக்கு வலியே தெரியாமல் இருக்கலாம், அதனால் ‘வலிக்கவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் பாதம் வீங்கும். அது ராத்திரி படுத்து எழுந்ததும் வடிந்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். காலையிலும் வடியாத வீக்கம்தான் விஷயம். சந்தேகம் வந்தால் தையல் டேப் எடுத்து, முழங்காலிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள். இடது பக்கம் மூன்று சென்டிமீட்டர் அதிகம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய், ரத்தக் குழாயில் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அளவு அவ்வளவு வரவில்லை, ஆனால் சூடும் இறுக்கமும் இருக்கிறது என்றாலும் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூலிகை எண்ணெய் என்று சொல்லி நீவ வருபவர்கள் யாரும் காலை அளந்து பார்ப்பதில்லை. இதற்காகவே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

செலவுக்கு என்ன செய்வது? மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபிக்குக் கட்டணம் இல்லை. வாரம் ஒரு நாள் அங்கே காட்டி, சொல்லிக்கொடுப்பதை வீட்டில் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். நல்ல திட்டம். ஆனால் கிராமப்புறத்தில் ஒரு ஒன்றியத்துக்கு ஒரு தெரபிஸ்ட் என்று வைத்தால் அந்த மனிதர் எத்தனை வீடு போவார்? வரும் நாளில் அவரைக் கரண்ட் வைக்கச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கும் உங்களுக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி, செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீடுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் பணம் தரும். மனிதர் உண்மையில் தேற வேண்டிய மாதங்கள் வீட்டில் கழிகின்றன, அங்கே பெரும்பாலும் பணம் வருவதில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. இடையில் ‘வாங்கித் தருகிறேன்’ என்று வருபவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நடக்க வைக்கும்போது பிடிப்பவர் இடது பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். கையையோ வேட்டியையோ பிடிக்காதீர்கள், விழும்போது இரண்டும் நழுவும். அகலமான பெல்ட்டையோ முறுக்கிய துண்டையோ இடுப்பில் இறுகக் கட்டி அதைப் பிடியுங்கள். உங்கள் அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் நடை வேண்டாம், நாற்காலிப் பயிற்சி மட்டும் போதும். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடுங்கள்.