பாண்டிச்சியும் மலையாள மந்திரவாதியும்

அன்புள்ள அக்கா,

பேய்க்கதைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வெளியிலிருந்து வருகிற பேய்க்கு அந்தந்தக் காலத்து ஆட்களின் பயம்தான் முகம் கொடுக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இருட்டு பயம், சாவு பயம் எல்லாம் எந்தக் காலத்திலும் ஒன்றுதானே? எங்கள் அப்பத்தா சொன்ன கதைகளில் மந்திரவாதி என்றால் மலையாளத்தான்தான். அதில் என்ன சமூகம் இருக்கிறது? பயமுறுத்தினால் போதாதா?

இன்னொன்று. நானும் ஒரு பேய்க்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த வடமாநிலத்துப் பையன் செத்துப்போய்ப் பேயாக வருகிறான். எழுதலாமா, வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாசகர், சுருளிப்பட்டி

அன்புள்ள தம்பி,

இருட்டு பயம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. பச்சைப்பிள்ளை இருட்டைப் பார்த்து அழுவதற்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இருட்டுக்குள் நிற்பது யார் என்று பெரியவர்கள் சொல்லித் தருகிறார்களே, அந்த ஆளுக்கு ஒரு ஊர் இருக்கிறது, பாஷை இருக்கிறது, அவன் வந்த பாதைகூட இருக்கிறது. நான் பேசியது அந்த ஆளைப் பற்றி.

உங்கள் அப்பத்தாவின் மந்திரவாதியை எனக்கும் தெரியும். அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போனவள். விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறினால் கம்பம்மெட்டு வழியாக மேலே கேரளத்து மலைக்குப் போய், நாளெல்லாம் காய் எடுத்துவிட்டு, இருட்டிய பிறகுதான் வீடு வருவாள். வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்றவைத்துச் சோறு ஆக்கிப் போடும்போது நான் அடம்பிடித்தால், "மலையாளத்தான் மை வச்சுக் கூட்டிட்டுப் போயிருவான், பேசாம தின்னு" என்பாள். நான் தின்றுவிடுவேன்.

ஒரு முழுப்பரீட்சை லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு எட்டு வயசு இருக்கும். வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டத்துக்கு நடந்து போகிற வழியில், ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி பேத்திக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டியது. பாட்டி எங்கள் பக்கம் கையைக் காட்டி, "வேகம் குடிச்சோ, இல்லெங்கில் ஆ பாண்டிச்சி பிடிச்சோண்டு போகும்" என்றார். பிள்ளை என் அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டது. அம்மா மழைக்காகத் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்திருந்தாள், கையில் தூக்குவாளி, அதில் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. சீக்கிரம் குடி, இல்லாவிட்டால் அந்தப் பாண்டிச்சி பிடித்துக்கொண்டு போய்விடுவாள் என்று அர்த்தம். பாண்டிச்சி என்றால் தமிழ்நாட்டுப் பெண்பிள்ளை, இளக்காரமாகச் சொல்வது. அவளுக்கு அந்த வார்த்தை புரிந்தது. நடையை மட்டும் கொஞ்சம் எட்டிப்போட்டாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. அப்புறமும் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் இதை யோசிக்க ஆரம்பித்தேன். நம் கம்பம் பள்ளத்தாக்கு மனிதர்களுக்கு மலை என்பது பிழைக்கப் போகிற இடம், போனவன் காய்ச்சலோடு இறங்கி வருகிற இடமும் அதுதான். பெரியாறு அணையை 1887இல் ஆரம்பித்து 1895இல் முடிப்பதற்குள் மலேரியாவிலும் காலராவிலும் எத்தனையோ கூலியாட்கள் செத்தார்கள். நல்லாயிருந்த ஆள் மேலே போய் நாலு மாசத்தில் மஞ்சளாகி, நடுங்கிக்கொண்டு, பிதற்றிக்கொண்டு வந்து விழுந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? யாரோ எதையோ வைத்துவிட்டான் என்றுதானே. மலேரியாவைக் கொசுதான் கொண்டுவருகிறது என்பதை ரொனால்ட் ராஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் செகந்திராபாத்தில் கண்டுபிடித்ததே 1897இல்தான். கொசுவுக்கு முன்னால் அந்த இடத்தில் மந்திரவாதி நின்றிருக்கிறான் என்பது என் ஊகம்.

மேலே இருப்பவர்கள் பக்கமிருந்தும் பாருங்கள். தினமும் விடிகாலையில் ஜீப் ஜீப்பாக வேறு பாஷைக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள், இருட்டியதும் காணாமல் போகிறார்கள். இவர்கள் கை இல்லாமல் காய் இறங்காது. ஆனால் இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் யார், பேர் என்ன, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இவர்கள் இல்லாமல் முடியாது, இவர்கள் யார் என்றும் தெரியாது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில்தான் வெளியூர்ப் பேய் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ராஸ் கொசுவைக் கண்டுபிடித்த அதே 1897இல் லண்டனில் ரத்தம் குடிக்கிற பேயைப் பற்றிய டிராகுலா நாவல் வெளிவந்தது. அப்போது உலகத்தின் பாதி ஊருக்குள் வெள்ளைக்காரர்கள் கேட்காமல் நுழைந்திருந்தார்கள், அவர்கள் நாட்டிலோ கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி ஓடிவரும் யூதர்களைப் பற்றிய பேச்சு சூடாகிக்கொண்டிருந்தது. அப்படி வருகிறவர்களைத் தடுக்க 1905இல் சட்டமே போட்டார்கள். நாவலிலும் கிழக்கேயிருந்துதான் ஒருவன் வருகிறான், 50 பெட்டி சொந்த ஊர் மண்ணோடு. என்னை உலுக்கியது அவனுடைய பல் இல்லை. அவன் புத்தகம் வைத்து ஆங்கிலம் படிக்கிறான், தன் பேச்சைக் கேட்டு யாரும் 'இவன் அந்நியன்' என்று திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அதைப் படித்தபோது, மேலே கடையில் நின்று "உப்பு உண்டோ" என்று மெல்லக் கேட்டுவிட்டு அதற்குமேல் வாயே திறக்காத அம்மாதான் எனக்கு ஞாபகம் வந்தாள். பயமுறுத்துகிறவனாக அந்த நாவல் காட்டும் ஆளுக்கும், அந்த ஊரில் பயந்துகொண்டு நிற்கிற ஆளுக்கும் ஒரே ஆசைதான்.

இன்னொரு விஷயமும் அதில் உண்டு. அந்தப் பேய், வீட்டுக்காரர் யாராவது கூப்பிடாமல் முதல் தடவை வீட்டுக்குள் நுழைய முடியாது. லண்டனில் அவனுக்கு வீடு வாங்கிக் கொடுக்கப் பத்திரத்தோடு போகிறவர் ஒரு ஆங்கிலேய வக்கீல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கதைக்கு வருகிறேன்.

பயமுறுத்தினால் போதாதா என்று கேட்டீர்கள். 2018இல் என்ன நடந்தது என்பதை மறக்க முடியவில்லை, தம்பி. அந்த வருஷத் தொடக்கத்தில் கேரளாவில் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்பு ஸ்டிக்கர் இருப்பதாகவும், பிள்ளை பிடிக்கிறவர்கள் அடையாளம் வைத்துவிட்டுப் போவதாகவும் பரவியது. கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கக் கடைக்காரர்கள் வைக்கிற ரப்பர் துண்டு அது என்று போலீஸ் விளக்கம் கொடுப்பதற்குள் நாடோடிகளும் பிச்சைக்காரர்களும் வெளிமாநிலத்தவர்களும் அடி வாங்கினார்கள். மே மாசம் நம் பக்கம் வந்தது. வடமாநிலக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ. அது குழந்தை கடத்தலைப் பற்றி எச்சரிக்கக் கராச்சியில் எடுத்த படம், பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். ஆந்திர எல்லையில் பழவேற்காட்டில், தெருவில் திரிந்த ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே மாசம் போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து வந்து, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவைக் கொன்றார்கள். அவர் பேசியதும் தமிழ்தான். வீடியோவைப் பார்த்து மிரண்டவர்கள், எதிரில் நின்றவரின் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை.

நம் பக்கம் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் வெடித்தபோதும் இதுதான். அணை உடையுமோ என்கிற கேரளத்துப் பயத்துக்கும் தண்ணீர் போய்விடுமோ என்கிற நம் பயத்துக்கும் முகம் கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் கைக்குக் கிடைத்த முகத்தை எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்கள் காட்டுவழியாக இறங்கி ஓடிவந்தார்கள், இங்கே மலையாளிகளின் கடைகளில் கல் விழுந்தது.

பேய் எப்போதும் இப்படித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. கொச்சியில் காப்பிரி முத்தப்பன் என்று ஒரு சாமி உண்டு. போர்த்துக்கீசியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமை. 1663இல் டச்சுக்காரர்களிடம் கொச்சியை விட்டுவிட்டு ஓடும்போது, புதைத்த சொத்துக்குக் காவலாக அந்த அடிமைகளைக் கொன்று கூடவே புதைத்தார்கள் என்று ஐதீகம். மட்டாஞ்சேரியில் இன்றைக்கும் அவருக்குச் சுருட்டும் கள்ளும் வைக்கிறார்கள். பிடித்துவந்தது யார், கொன்றது யார் என்று அந்தக் கதை மறைக்காமல் சொல்கிறது. அதனாலேயே அந்த ஊர்க்காரர்களால் அவரிடம் போய்க் கேட்கவும் முடிகிறது என்று தோன்றுகிறது.

சரி, உங்கள் கதை. தாராளமாக எழுதுங்கள், அந்தப் பையன் நன்றாகவே பயமுறுத்தட்டும். ஆனால் அவன் தோட்டத்துக்குள் தானாக வந்துவிடவில்லை. யாரோ ஃபோன் பண்ணி ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், யாரோ கமிஷன் வாங்கியிருக்கிறார்கள், மருந்தடிக்கிற டேங்கை யாரோ முதுகில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கதையை அந்த ஃபோனிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். அவன் எந்த ஊர், வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள், மோட்டார் ரூமில் என்ன சமைத்துத் தின்றான் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியவில்லை என்றால், பக்கத்துத் தோட்டத்துப் பையன்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர்களில் பலர் இப்போது நல்ல தமிழ் பேசுகிறார்கள்.

முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அவன் பேரை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா