புதுச் சைக்கிள், பிழையான பூட்டல்: கேள்வி பதில்

இலங்கையின் மலையகத்துக் கடைகளில் விற்கப்படும் சைக்கிள்களில் பெரும்பாலானவை பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வருகின்றன. ஹேண்டில், முன்சில்லு, பெடல், சீட் ஆகியவற்றைக் கடையில்தான் பூட்டுகிறார்கள். அந்தப் பூட்டலில் நேரும் பிழையால் புதுச் சைக்கிள் பழுதடைந்தால் வாங்கியவருக்கு என்ன உரிமை உண்டு என்று பலர் கேட்டிருந்தார்கள். என் தகப்பனாரின் சைக்கிள் திருத்தும் கடையில் பன்னிரண்டு வருடங்கள் ஸ்பேனர் பிடித்தவன் நான். பிறகு அதைவிட நீண்ட காலம் அயலவர்களுக்கு முறைப்பாட்டுக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துப் பதிலளிக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாயார்: ஐயா, மகன் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததற்காகப் புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் இடது பெடல் கழன்று விழுந்துவிட்டது. கிராங்கின் (பெடல் பூட்டும் தண்டின்) மரை போய்விட்டது, பிள்ளை முரட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறான், புதுக் கிராங் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். இது சரியா?

சரியில்லை அம்மா. சைக்கிளின் வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு எதிர்மரை. வலது பெடலை மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகவும், இடது பெடலை அதற்கு எதிர்ப் பக்கமாகவும் இறுக்க வேண்டும். ஓட்டும்போது பெடல் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அவசரத்தில் பூட்டுகிற பையன் இடம் வலம் மாற்றி வைத்து ஸ்பேனரால் பலவந்தமாக இறுக்கினாலோ, சரியான பெடலையே சரிவாக நுழைத்தாலோ, பெடலின் இரும்பு அச்சு அலுமினியக் கிராங்கின் மரையைச் சீவிவிடும். பூட்டிய அன்று எல்லாம் இறுக்கமாகத்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் மிதித்த பிறகு ஆடத் தொடங்கிக் கழன்று விழும். அரைகுறையாக இறுக்கி விட்டாலும் முடிவு இதுதான், ஆடி ஆடியே மரையைத் தின்றுவிடும்.

கிராங்கின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று மரைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நசுங்கியிருந்தால், அல்லது பெடல் அச்சின் இடுக்கில் வெள்ளிச் சுருள் போல உலோகத் துகள் ஒட்டியிருந்தால், அது பெடல் சரிவாக நுழைந்ததன் அடையாளம். சரியாகப் பூட்டிய பெடலின் மரையை ஒரு பள்ளிப் பிள்ளை மூன்று நாளில் மிதித்து அழிப்பது நடக்காத காரியம். அந்தத் துகளைத் துடைக்காமல், கிட்ட வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெடலின் அச்சு முனையில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி எழுத்து பொறித்திருக்கும். அதுவும் படத்தில் விழட்டும்.

1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது, எழுதப்படாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் அடங்கிய நிபந்தனை. நீங்கள் காசு கொடுத்தது பெட்டிக்கு அல்ல, ஓட்டக்கூடிய சைக்கிளுக்கு. ஆகவே கடையில் பூட்டியபோது நேர்ந்த பிழை விற்பனையாளரின் பிழையே. "பூட்டலை இலவசமாகத்தான் செய்து கொடுத்தோம்" என்று அவர்கள் சொன்னாலும் இந்த நிலை மாறாது.

பண்டாரவளையிலிருந்து: பில்லின் அடியில் "விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டா" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் கேட்க முடியுமா?

முடியும். நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் மலிவாகக் கண்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வருபவரிடம் அந்த வரியைக் காட்டலாம். அதற்குச் சட்டமும் உங்களுக்கு உதவாது. ஆனால் குறைபாடுள்ள பொருளை விற்ற பொறுப்பிலிருந்து பில்லின் அடியில் அச்சிட்ட ஒரு வரி கடைக்காரரை விடுவித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஒப்பந்த வாசகங்களைக் கட்டுப்படுத்தவே 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டம் இருக்கிறது. என் அனுபவத்தில் அந்த வரியை நம்பிக் கடையை விட்டு இறங்கிப் போனவர்களே அதிகம்; எழுத்தில் கேட்டவர்களிடம் அதைப் பிடித்துத் தொங்கிய கடைக்காரர்கள் குறைவு.

இராகலையிலிருந்து: பில் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதாவது கேளுங்கள் தம்பி. வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. மறுத்தால், வங்கி மூலம் பணம் செலுத்திய பதிவு, கடைக்காரருடன் பரிமாறிய தொலைபேசிச் செய்திகள், வொரண்டி அட்டை, கூடச் சென்றவரின் சாட்சியம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தால் கிராங் அச்சுக்கு அடியில் பிரேமில் இலக்கம் பொறித்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய சைக்கிள். போன வாரம் இறக்கத்தில் முன் பிரேக் பிடிக்காமல் விழுந்து கை முறிந்துவிட்டது. பிரேக் கேபிள் நட்டிலிருந்து நழுவியிருந்தது. முறைப்பாடு செய்யலாமா?

முதலில், அந்தச் சைக்கிளை எவரும் திருத்த விடாதீர்கள், கடைக்காரர் இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொன்னாலும் விடாதீர்கள். நழுவிய கேபிளே உங்கள் சாட்சி. நட்டு அழுத்திய இடத்தில் கேபிளின் கம்பிகள் தட்டையாக நசுங்கியிருக்க வேண்டும். அந்தத் தடம் மிக இலேசாக இருந்தால், அல்லது நீளமாக இழுபட்டிருந்தால், நட்டு தொடக்கத்திலிருந்தே சரியாக இறுக்கப்படவில்லை என்று வாதிட இடமுண்டு.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். உங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே தீராவிட்டால் நீதிமன்றத்துக்கும் போகலாம். கவனயீனத்தால் ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கைக் காலவரையறைச் சட்டப்படி இரண்டு வருடங்களுக்குள் தொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புதுக் கேபிள் முதற் சில வாரங்களில் சற்று இளகும் என்பதால் பல கடைகள் ஒரு மாதத்தில் கொண்டுவரச் சொல்வது வழக்கம். உங்களிடமும் அப்படிச் சொல்லியிருந்து நீங்கள் போகவில்லை என்றால், எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். தலவாக்கலை அம்மாவின் வழக்கைப் போல இது இலேசானது அல்ல.

வெலிமடையிலிருந்து: இணையத்தில் கொழும்புக் கடையொன்றில் வாங்கினேன். பெட்டியில் வந்ததை ஊரில் ஒருவரிடம் காசு கொடுத்துப் பூட்டினேன். வளைவில் திருப்பும்போது கால் விரல் முன்சில்லில் முட்டுகிறது.

முன்போர்க்கை, அதாவது முன்சில்லைப் பிடித்திருக்கும் கவையை, முன்பின்னாகத் திருப்பிப் பூட்டியிருக்கிறார் போலத் தெரிகிறது. போர்க்கின் கால்கள் முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். பிரேக் அதன் முன்பக்கம் இருக்க வேண்டும். உங்கள் சைக்கிளில் பிரேக் பிரேமைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. (இதே நிலையில் ஒரு சைக்கிளைக் கடை வாசலில் விற்பனைக்கு நிறுத்தியிருந்ததை நானே கண்டிருக்கிறேன். உள்ளே போய்ச் சொன்னேன். "இது புது மொடல்" என்றார்கள்.) கேபிளோ பிரேமோ அடிபடவில்லை என்றால் பெரும்பாலும் திருப்பிப் பூட்டினாலே போதும்.

இந்தப் பிழைக்குக் கொழும்புக் கடையைப் பிடிக்க முடியாது. பூட்டியவரையே கேட்க வேண்டும். தொழிலாகச் சேவை வழங்குபவர் உரிய கவனத்துடனும் திறமையுடனும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம், சொல்லாவிட்டாலும் உண்டு என்று அதே 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பெட்டியில் பாகங்கள் குறைந்தோ மாறியோ வந்திருந்தால் மட்டும் விற்றவர் பொறுப்பு.

கொட்டகலையிலிருந்து: சித்தியின் பெயரில் தவணைக்கு எடுத்தது. நான் முறையிடலாமா?

சித்தியின் கையொப்பத்துடன் அனுப்புங்கள். தவணையைக் கோபத்தில் நிறுத்த வேண்டாம்; அது வேறொரு வழக்காக மாறும்.

நுவரெலியாவிலிருந்து: திருத்தித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். நான் பணத்தைத் திருப்பிக் கேட்க விரும்புகிறேன். என் மகன் உயரம் என்பதால் அவர்களே சீட்டை உயர்த்திப் பூட்டினார்கள். இப்போது சீட் குழாய் நுழையும் இடத்தில் பிரேம் வெடித்திருக்கிறது.

ஹேண்டில் ஆடுகிறது, சில்லு நெளிகிறது என்றால் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றே சொல்வேன். அரை மணி நேர வேலைக்கு ஆறு மாதம் அலைய வேண்டியதில்லை. ஆனால் வெடித்தது பிரேம். அதை வெல்டிங் பண்ணி வர்ணம் பூசித் தருவதற்கு இணங்காதீர்கள். புதுச் சைக்கிளோ முழுப் பணமோ கேளுங்கள். சீட் குழாயில் குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி பூட்டியிருந்தால், பிழை யாருடையது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். குழாயை இறக்குவதற்கு முன் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்.

இன்றிலிருந்து அந்தச் சைக்கிளை ஓட்டவும் வேண்டாம். ஆபத்து ஒருபுறமிருக்க, குறையை அறிந்த பிறகும் நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காமல் வைத்திருந்து பாவித்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். பிறகு நட்டஈடுதான் கேட்கலாம், சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

பொகவந்தலாவையிலிருந்து: எங்கே, எந்த மொழியில் எழுதுவது?

தமிழில் எழுதுங்கள். அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபையில் வழி சொல்வார்கள். ஆனால் அழைப்பு முறைப்பாடாகாது, மூன்று மாதக் கணக்குக்கு எழுத்துதான் வேண்டும். முதலில் கடைக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும்: வாங்கிய திகதி, விலை, பிரேம் இலக்கம், என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் என்பவை இருந்தால் போதும். வசைச் சொல் ஒன்றும் வேண்டாம். பதில் வராவிட்டால் அதன் பிரதியை இணைத்து அதிகாரசபைக்கு அனுப்புங்கள். விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ வியாபாரிக்குக் கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. கட்டளைப்படி பணம் கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணத்தைப் போல அறவிடலாம்.

பதுளையிலிருந்து: அடுத்த வாரம் வாங்கப் போகிறோம். கடையிலேயே எதைப் பார்க்க வேண்டும்?

முன்சில்லை இரு முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்து ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். தனியாகத் திரும்பக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டிலின் கழுத்தில் "டக் டக்" என்று ஆடினால் இறுக்கச் சொல்லுங்கள். இரண்டு பெடல்களும் கிராங்குடன் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கின்றனவா, கிராங்குக்கு நேராக நிற்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். சில்லு நட்டுகளை உங்கள் முன்னால் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். பரிசோதித்துப் பார்த்து வாங்கிய பொருளில், பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய குறையைப் பிறகு சொல்லிப் பயனில்லை என்று 1896 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்வதால், இந்தப் பத்து நிமிடத்தைக் கவனமாகச் செலவிடுங்கள். பின்னேரம் மழைக்குப் பயந்து கடைக்காரர் அவசரப்படுத்துவார், காலையிலேயே போய்விடுங்கள்.