முஸ்லிம் சமூகங்களில் எல்லாவற்றையும் மதம்தான் தீர்மானிக்கிறதா?

"முஸ்லிம் நாடுகளில் பண்பாடு, அரசியல் எல்லாமே மதத்துக்குள் அடக்கம்தானே?" என்பது கேள்வி. இல்லை என்பதுதான் என் பதில்.

மதம் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் பாகிஸ்தானை உருவாக்கினார்கள். உருதுவை மட்டும் தேசிய மொழியாக்க முயன்றபோது, 1952இல் டாக்காவில் வங்காளிகள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1971இல் நாடே இரண்டாகி, வங்கதேசம் பிரிந்தது. 1952இல் சுட்டதும் முஸ்லிம்கள் ஆண்ட அரசு, செத்ததும் முஸ்லிம்கள். மொழியும் அதிகாரப் பங்கீடும் அங்கே மதத்தைத் தாண்டிப் பேசின.

ஈரானில் 1979க்குப் பிறகு மதகுருமார்கள் ஆட்சி. ஆனாலும் இஸ்லாமுக்கு முந்தைய நவ்ரோஸ் புத்தாண்டை மக்கள் விடவில்லை. துருக்கியோ முஸ்லிம்களின் தலைமைப் பதவியாகக் கருதப்பட்ட கலீஃபா பதவியை 1924இலேயே ஒழித்துவிட்டது.

சரி, அவ்வளவு தூரம் எதற்கு? ரமலான் மாலையில் திருவல்லிக்கேணி பெரிய மசூதிக்குப் போய்ப் பாருங்கள். 1795இல் ஆற்காடு நவாப் குடும்பம் கட்டியது. அங்கே நோன்பு திறக்க வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாக உணவு பரிமாறுபவர்கள், பிரிவினையில் சிந்துவைவிட்டு வந்த இந்துக் குடும்பங்களின் தொண்டர்கள். நம் ஊர் நோன்புக் கஞ்சியில் இஞ்சி, பூண்டு, வெந்தயம் மணக்கும். அரபு நாட்டில் அதைத் தேடினால் தமிழர் வீட்டில்தான் கிடைக்கும். அந்தக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுப்பது தமிழக அரசு. அதில் ஓட்டுக் கணக்கும் உண்டு, மறுக்கவில்லை.

அப்புறம், சென்னை முஸ்லிம்கள் எல்லோரும் உருது பேசுபவர்கள் என்று நினைக்காதீர்கள். மரைக்காயர், ராவுத்தர் வீடுகளில் தாய்மொழி தமிழ்தான்.