கொறங்காட்டில் புல் அருகிவிட்டது: காங்கேயம் மாடுகளைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் 5 ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்து, புல்லும் மரமும் விட்டிருக்கும் மேய்ச்சல் காடு) இருக்கிறது. 3 காங்கேயம் பசுக்கள், 2 கிடாரிகள். கொழுக்கட்டைப் புல் வருசா வருசம் அருகிக்கொண்டே வருகிறது. மாட்டைக் குறைப்பதா, மறுபடி புல் விதைப்பதா? வெள்வேல் மரங்களை வெட்டினால் புல் எழும்புமா?

பதில்: மரத்தில் கை வைக்காதீர்கள். வெள்வேல் நிழல் மெல்லியது, அடியில் புல் வளரும். கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது மாட்டுக்கு வாயில் கிடைப்பது அதன் காய்தான். பிடுங்க வேண்டியது சீமைக்கருவேலை. அதன் காயையும் மாடு தின்னும். விதை சாணத்தோடு விழுந்து காடெங்கும் முளைக்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போது, கன்றாகவே வேரோடு எடுத்துவிடுங்கள்.

புல் அருகியதற்குக் காரணம் மேய்ச்சல் கணக்கு. 350 கிலோ எடையுள்ள பசு நாளுக்குச் சுமார் 8 கிலோ உலர்தீவனம் தின்னும். உங்கள் ஐந்து உருப்படியையும் நான்கு பசுவாக வைத்தாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு டன் ஆகிறது. நல்ல கொறங்காடு ஏக்கருக்கு ஒன்றரை டன் தந்தாலும், புல் மறுபடி தழைக்க அதில் பாதியை விட்டுவைக்க வேண்டும். ஐந்து ஏக்கரில் நான்கு மாதத் தீவனம்கூட முழுதாக வராது. ஆகவே மாட்டை விற்க வேண்டாம், மேய்க்கும் மாதங்களைக் குறையுங்கள்.

முதல் மழைக்குப் பச்சை தெரிந்ததும் காட்டுப் படலைத் திறந்து மாட்டை விடுவதுதான் பெரிய தவறு. புல்லின் தூர் தன் வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத் துளிர்க்கும் இலை அது. அதையும் கடித்துவிட்டால் தூரே செத்துப்போகும். புல் முழங்கால் உயரம் வரட்டும்.

காட்டை நடுவில் வேலி போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் இந்தப் புரட்டாசியில் விதையுங்கள். ஏக்கருக்குக் கொழுக்கட்டைப் புல் விதை 2 கிலோ, முயல் மசால் என்னும் பயறுவகைத் தீவனப்பயிரின் விதை 600 கிராம்; மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை மசால். புல் விதை புதிதாக இருந்தால் முளைக்காது, அறுத்து ஆறேழு மாதம் ஆகியிருக்க வேண்டும். விதையின் மேலுள்ள சுணை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஈர மணலில் பிசறித் தூவுங்கள். மசால் விதையின் தோல் கெட்டி: கொதித்து இறக்கிய, 80 டிகிரி சூடுள்ள நீரில் 4 நிமிடம் போட்டு, வடித்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவிடுங்கள். விதைத்தபின் முள்ளுக்கொத்தை இழுத்தால் போதும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் புல் விதை மேலே வராது. அந்தப் பாதியில் முதல் ஆண்டு மாடு விடக்கூடாது. புல் விதை கொட்டியபின் அரிவாளால் அறுத்துப் போடுங்கள்.

காடு மூடியிருக்கும் மாதங்களுக்குச் சோளத்தட்டும் கடலைக்கொடியும் சேர்த்து வையுங்கள். கூடவே பசுவுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. தீவனச் சோளத்தைப் பூப்பதற்கு முன் பச்சையாகப் போடாதீர்கள், மேயவும் விடாதீர்கள். இளம் பயிரிலும், வாடி மறுபடி துளிர்த்த கட்டைப் பயிரிலும் சயனைடு நஞ்சு இருக்கும். தின்ற கொஞ்ச நேரத்தில் மாடு மூச்சு வாங்கி விழுந்துவிடும். அப்படி நேர்ந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.