ஜோடியாக் கொலையாளியின் கடைசி 18 எழுத்துகளில் அவன் பெயர் ஒளிந்திருக்கிறதா?

1969 ஜூலையில், கலிபோர்னியாவின் மூன்று செய்தித்தாள்களுக்கு, 'ஜோடியாக்' (Zodiac) என்று தன்னை அழைத்துக்கொண்ட, இன்றுவரை யாரென்று உறுதியாகாத தொடர் கொலையாளி 408 குறிகள் கொண்ட சங்கேதக் கடிதத்தைத் துண்டு துண்டாக அனுப்பினான். ஓர் ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாட்களிலேயே அதை உடைத்துவிட்டார்கள். கடைசி 18 எழுத்துகள் மட்டும் அர்த்தமில்லாமல் நின்றன. அவற்றை மாற்றி அடுக்கினால் பெயர் வரும் என்று பலர் இன்றும் முயல்கிறார்கள்.

பெயர் வரத்தான் செய்யும், அதுதான் சிக்கல்! அந்த ஆங்கில எழுத்துகளில் 'ஈ' (E) ஐந்து, 'டி' (T) மூன்று, 'ஐ' (I) மூன்று. இவற்றைச் சுமார் 74,000 கோடி விதமாக அடுக்கலாம். 'ராபர்ட் எம்மெட் தி ஹிப்பி' என்றொரு பிரபலமான விடை உண்டு. எண்ணிப் பாருங்கள், அதற்கு இரண்டு 'ஆர்' (R) வேண்டும், இருப்பதோ ஒன்றுதான். நியூமராலஜியில் ராசியான எண் வரும்வரை பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைப்பார்களே, அதே கதை.

என் கணிப்பில் அந்த 18 எழுத்துகள் கடைசி வரிகளை நிரப்பச் சேர்த்த வெறும் இடநிரப்பி. அவற்றைச் சேர்த்தால்தான் 17 குறிகள் வீதம் 24 வரிகள் கச்சிதமாக முடிகின்றன. போதாததற்கு, பெயரைச் சொல்லமாட்டேன் என்று அதே கடிதத்தில் அவனே எழுதியிருக்கிறான்.

அப்புறம், 2020-இல் உடைக்கப்பட்டது அவன் அனுப்பிய, 340 குறிகள் கொண்ட வேறொரு சங்கேதக் கடிதம். பலர் நினைப்பதற்கு மாறாக, அதிலும் பெயர் இல்லை.