கடற்போர் நாவல்: எதை முதலில் படிப்பது?

கேள்வி: நெப்போலியன் காலக் கடற்போர்க் கதைகள் படிக்க ஆசை. பாட்ரிக் ஓ'பிரையனின் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' வாங்கினேன். முப்பது பக்கம் தாண்ட முடியவில்லை. வேறு புத்தகம் சொல்லுங்களேன்.

பதில்: அதைக் கைவிடாதீர்கள், வரிசையை மாற்றுங்கள். முட்டுக்கட்டை போடுவது கதையல்ல. பாய், கயிறுகளின் பெயர்கள்தான். முதலில் சி.எஸ். ஃபாரஸ்டரின் 'மிஸ்டர் மிட்ஷிப்மன் ஹார்ன்புளோயர்' (1950) படியுங்கள். பதினேழு வயதில் கப்பலேறும் பையனோடு சேர்ந்து நீங்களும் தொழில் பழகிவிடுவீர்கள். ஹார்ன்புளோயர் கதை வரிசையில் முதலில் வெளிவந்தது 1937-ல் வந்த நாவல். அதில் அவன் ஏற்கெனவே கேப்டன், ஆகவே அங்கே தொடங்க வேண்டாம்.

பிறகு ஓ'பிரையன். இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பலின் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடலறியாத டாக்டர் மாட்டுரினுக்குக் கப்பலைச் சுற்றிக்காட்டும் பகுதியை அந்தப் படத்தோடு இருமுறை படித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' நாவலின் உச்சக்கட்டச் சண்டை உண்மையில் நடந்ததைத் தழுவியது. 1801 மே 6, பார்சலோனா அருகே பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காக்ரேனின் கப்பல் 'ஸ்பீடி': 14 சிறு பீரங்கிகள், 54 பேர். எதிரே ஸ்பெயினின் 'கேமோ': 32 பீரங்கிகள், 319 பேர். காக்ரேன் கப்பலை ஒட்டி உரசக் கொண்டுபோனார். உயரமான கேமோவின் பீரங்கிகளை அவ்வளவு தாழ்த்த முடியவில்லை. குண்டுகள் தலைக்கு மேலே போயின. ஸ்பீடியின் குண்டுகளோ கீழிருந்து மேல்தளத்தைத் துளைத்தன. பிறகு ஸ்பீடியின் டாக்டரைச் சுக்கானில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் எதிரிக் கப்பலில் பாய்ந்தார்கள்.

ஓ'பிரையனின் இந்த வரிசையில் மொத்தம் 20 முழு நாவல்கள். நட்பும் பகையும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர்வதால், இவற்றை மட்டும் வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள்.